நாற்பத்தொன்றாம் பக்கம்

ஜோகுபாளையம், பெங்களூர் 8
1957 ஜூலை 8

அன்புள்ள டோரதி அக்காவுக்கு,

யூனிஸ் எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். நீயும் தியோடர் அத்தானும் உன் மாமியாரும் சுகமா? உன் பிள்ளை பிறக்கும் அக்டோபர் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா தூங்கிவிட்டார். கோயில் மெழுகுவர்த்தியின் அடித்துண்டு ஒன்றை எடுத்துவந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

நம் பள்ளி லைப்ரரி வழக்கம் உனக்குத் தெரியும். ஒருத்திக்கு வாரம் ஒரே புத்தகம். பின்னட்டையில் இருக்கும் கார்டில் பெயரை எழுதி பிரிஜெட் டீச்சரிடம் கொடுத்துவிட வேண்டும். இன்னொரு புத்தகம் வேண்டுமென்றால் புத்தகமே எடுக்காத பெண் யாராவது ஒருத்தியின் பெயரில் எடுப்போம். நீயும் எடுத்திருக்கிறாய். நான் என் வகுப்புப் பாஞ்சாலி பெயரில் எடுப்பேன். “எம்பேரு சும்மாதானேடி கெடக்கு, போட்டுக்கோ” என்பாள்.

அப்படித்தான் ‘ஒரு தாதி தங்கைக்குச் சொன்னது’ என்ற புத்தகத்தை எடுத்தேன். சின்னப் புத்தகம். பெண்களின் உடம்பைப் பற்றியும் பிள்ளைப்பேற்றைப் பற்றியும் ஒரு நர்ஸ் எழுதியது. லைப்ரரியில் இரண்டு பிரதிகள் இருந்தன. மற்றொன்றை டெஸ்மண்ட் ஐயாவின் மகள் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. ஐயா அதைப் பார்த்துவிட்டார். அவர் பள்ளிக் கமிட்டியில் இருப்பவர்.

வெள்ளிக்கிழமை அசெம்பிளியில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அந்தப் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். செத்த எலியைத் தூக்குவதுபோல. “இந்த ஆபாசத்தின் இன்னொரு பிரதி வெளியே இருக்கிறது. கார்டில் இருக்கும் பெயர் பாஞ்சாலி. எழுந்து நில்” என்றார்.

பாஞ்சாலி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தொலைஞ்சுபோச்சும்மா” என்றாள்.

புத்தகம் நம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், அவள் ஞாயிற்றுக்கிழமைப் புடவைக்கு அடியில் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? பதிலை நம் விலாசத்துக்கு எழுதாதே. முத்தம்மா, பாஞ்சாலியின் அம்மா, அதே தெரு என்று போடு.

உன் பிரியமுள்ள தங்கை
யூனிஸ்


சாம்பியன் ரீப், கோலார் தங்கவயல்
1957 ஜூலை 17

அன்புத் தங்கை யூனிஸுக்கு,

டோரதியின் வாழ்த்துதல். இங்கே எல்லாரும் நலம். அத்தானுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட்.

அந்தப் புத்தகத்தை எரித்துவிடு. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாதே. நாம் இருக்கும் வீடு கோயில் வீடு. அப்பாவின் வேலை கோயில் மணி அடிக்கும் வேலை. டெஸ்மண்ட் ஐயா கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். நீ செய்தது வெளியே வந்தால் அப்பாவைச் சாமானோடு தெருவில் நிறுத்திவிடுவார்கள். பாஞ்சாலியை இரண்டு நாள் திட்டுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

நீ எழுதும் கடிதங்களை என் மாமியார் அத்தானிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். இந்த மாதிரி விஷயத்தைத் தனித் தாளில் எழுதிக் கவரில் போடு. தபால்காரர் வரும்போது மாமியார் குழாயடியில் இருப்பார். நான் வாங்கி எடுத்துக்கொள்வேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. போன மாதம் வாங்கின செருப்புதான் காலை இறுக்கிப் பிடிக்கிறது. கடைக்காரன் ஒரு சைஸ் சின்னதாகக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. கடுதாசியைப் படித்ததும் கிழித்துப் போடு.

அன்புடன்
டோரதி


ஜோகுபாளையம்
1957 ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பாஞ்சாலி கையால் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று படித்துச் சந்தோஷம்.

அவர்கள் மறக்கவில்லை. பாஞ்சாலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் புத்தகத்தைக் கொண்டுவராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்களாம். அவள் இலவச இடத்தில் படிப்பவள். பெயர் போனால் போனதுதான். முத்தம்மா அவளை அடுகோடியில் ஒரு வீட்டுக்கு ஆயா வேலைக்கு அனுப்பப் பேசிவைத்திருக்கிறார்.

அழுதுகொண்டே அவளிடம் போனேன். “ஏன்டி மூக்க சிந்திக்கினு நிக்கிற? அல்ஜீப்ரா தொல்ல வுட்டுச்சின்னு நானே குஷாலா கீறேன்” என்று சிரித்தாள். அவள் அல்ஜீப்ராவில்தான் வகுப்பில் முதல். உனக்கும் தெரியும்.

பிடிபட்ட பிரதியை எரிக்கச் சொல்லி அப்பாவிடமே கொடுத்தார்கள். கோயிலுக்குப் பின்னால் சருகு எரிக்கும் குழியில் போட்டு எரித்தார். என்ன புத்தகம் என்று அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. “பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்” என்றார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னபடி நானும் எரிக்கப் பார்த்தேன். அப்பா மணி அடிக்கப் போனபோது அடுப்பில் வைக்கக் குனிந்தேன். முடியவில்லை. நான் இதை ஏன் எடுத்தேன் என்று நீ கேட்கவே இல்லையே. அம்மா எதனால் செத்தாள் என்று தெரிந்துகொள்ள எடுத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. கால் வீங்குவது, முகம் ஊதுவது, பிறகு வலிப்பு எல்லாம் இருக்கிறது. கர்ப்பத்தில் வருகிற ஒரு நோயாம். அம்மாவுக்கு வந்தது பிசாசு இல்லை அக்கா. விடியும்வரை எல்லாரும் சுற்றி நின்று ஜெபம் செய்தார்களே, அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வண்டி வந்திருக்கலாம்.

மெழுகுவர்த்தி தீரப்போகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

யூனிஸ்


சாம்பியன் ரீப்
1957 ஆகஸ்ட் 9

அன்புள்ள யூனிஸ்,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை, வீட்டு வேலைதான்.

அம்மாவைப் பற்றி இப்படியெல்லாம் எழுதாதே. நடந்தது நடந்துவிட்டது. அப்பா காதில் விழுந்தால் தாங்கமாட்டார்.

ஒரு விஷயம். பக்கத்து வீட்டில் சந்திரம்மா என்று ஒரு பெண், அவளும் பிள்ளை உண்டானவள். கால் வீக்கம். காலையில் எழுந்தால் கண் இமைகூடத் தடித்திருக்கிறது. அவள் மாமியார், “எங்களுக்கு வீங்காத காலா? நடந்தா எறங்கிடும்” என்கிறாராம். நீ இன்னும் எரிக்கவில்லை என்றால், அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுது. அவளுக்காகத்தான் கேட்கிறேன். அப்புறம் எரித்துவிடு.

டோரதி


ஜோகுபாளையம்
1957 ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. உடனே எழுதுகிறேன். புத்தகத்தில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன், என் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

“தங்கையே, மாலையில் மட்டும் கால் வீங்கிக் காலையில் வற்றினால் பயப்படாதே. ஆனால் கையும் முகமும் வீங்கினால், மோதிரம் கழலாமல் போனால், விடாத தலைவலி இருந்தால், கண்முன் பொறி பறந்தால், மேல்வயிற்றில் வலித்தால், நீர் குறைவாகப் பிரிந்தால், இவற்றில் எது இருந்தாலும் ஒரு நாளும் காத்திராதே. மருத்துவச்சியிடம் போகாதே. டாக்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போ. காத்திருந்தால் வலிப்பு வரும். அது பேயும் அல்ல, பாவத்தின் சம்பளமும் அல்ல.”

சந்திரம்மா அக்காவுக்குத் தலைவலி இருக்கிறதா? மோதிரம் கழல்கிறதா? கேட்டு எழுது.

இன்னொன்றும் கேட்டு எழுது. அவளுடைய செருப்பும் பிடிக்கிறதா? அம்மா கடைசி மாதத்தில் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். நாம் இரண்டுபேரும் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

யூனிஸ்


ஜோகுபாளையம்
1957 ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்கா,

சுகமா? சுகமா? சுகமா? ஒன்பது நாளாகப் பதில் இல்லை. தினமும் பாஞ்சாலி வீட்டுக்குப் போய் நிற்கிறேன். அவள் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டுகிறாள்.

புத்தகம் முழுவதையும் கணக்கு நோட்டில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அயர்ந்து தூங்கியபிறகுதான் எழுத முடிகிறது. அவர் புரண்டு படுத்தாலே மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததும் புத்தகத்தை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் கொடுத்து, எடுத்தவள் நான்தான் என்று சொல்லிவிடப்போகிறேன். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

பாஞ்சாலியிடம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது. “போடி லூசு. நீ போய் ஒப்புக்கினா உங்கப்பா எங்க போவாரு? எனக்காச்சும் போறதுக்கு ஒரு வூடு கீது. ஒங்களுக்கு அந்த மணிக் கவுத்த வுட்டா என்னா கீது?” என்றாள். அவள் சொல்வது நிஜம். அதனால்தான் எனக்கு இன்னும் பயம். ஒரு பக்கம் அவள் படிப்பு, ஒரு பக்கம் அப்பாவின் கூரை. நீ மட்டும் ஏதாவது எழுதினால் போதும். திட்டியாவது எழுது.

யூனிஸ்


சாம்பியன் ரீப்
ஆகஸ்ட் 24

யூனிஸ்,

வரி கோணினால் பார்க்காதே. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது.

சந்திரம்மாவுக்கு மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டும் வரவில்லை. தலைவலி நான்கு நாளாக இருக்கிறது. நீ எழுதியதை அவள் புருஷனிடம் காட்டினாள். அவர் கெட்டவர் இல்லை. “இது உன் தங்கச்சி கையெழுத்து. ஸ்கூல் பிள்ளை எழுதினதை வெச்சிக்கிட்டு எங்கம்மாவை எப்படி எதுத்துப் பேசுவேன்? அச்சுல இருந்தா காட்டு” என்றாராம்.

அச்சடித்த தாள் வேண்டும் யூனிஸ். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கக்கூடாது என்று தெரியும்.

டோ


ஜோகுபாளையம்
1957 ஆகஸ்ட் 28

அக்கா,

உன் கடிதம் இன்று மாலைதான் கிடைத்தது. ஸ்தோத்திரம் எழுத நேரமில்லை.

புத்தகத்தை அப்படியே அனுப்பிவிட்டால் முப்பத்தொன்றுக்குள் திரும்பி வராது, பாஞ்சாலி போய்விடுவாள். தாளைக் கிழித்தால், கிழித்த புத்தகத்தோடு போய் நிற்கும் என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. ஆபாசமான பக்கத்தைக் கிழித்து ஒளித்துக்கொண்டாள் என்பார்கள். அப்பாவையும் கூப்பிடுவார்கள்.

ஸ்கேலை வைத்துக் கிழித்துவிட்டேன். நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் உள்ள தாள். ஓரத்தில் பள்ளி முத்திரை இருக்கிறது, அதையும் அத்தானுக்குக் காட்டு.

சந்திரம்மாவின் புருஷனுக்கு என்று எழுத வந்து அத்தானுக்கு என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

நாளைக் காலையில் முதல் வேலையாக எக்ஸ்பிரஸ் டெலிவரியில் போடுகிறேன். சனிக்கிழமை புத்தகத்தைக் கொண்டுபோகிறேன்.

யூனிஸ்


ஜோகுபாளையம்
1957 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வராது. யார் கையில் வருகிறது என்று இதற்குள் பார்த்திருப்பாய். அவர் சட்டை மாற்றுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

காலையில் புத்தகத்தோடு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் அறைக்குப் போனேன். டெஸ்மண்ட் ஐயாவும் பிரிஜெட் டீச்சரும் இருந்தார்கள். பாஞ்சாலியையும் வரச்சொல்லியிருந்தார்கள். எடுத்தது நான், கார்டில் அவள் பெயரை எழுதியதும் நான் என்று சொன்னேன். பாஞ்சாலி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “சொல்லாதேன்னேன், கேட்டாளா” என்று முணுமுணுத்தாள். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மணிக்கயிற்றுத் தூசி கையில் இருக்க அப்படியே ஓடிவந்து கதவோரம் நின்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா விரலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். நாற்பதுக்குப் பிறகு நாற்பத்துமூன்று வந்தது.

“படம் இருக்கிற பக்கம் அப்படியே இருக்கு. அதைவிட அசிங்கமா அந்தப் பக்கத்துல என்ன இருந்தது? வாயைத் திறந்து சொல்லு, உங்கப்பாவும் கேட்கட்டும்” என்றார்.

இரண்டுமுறை நகல் எடுத்த பக்கம், அது தானாக வந்தது. கை வீங்கும், முகம் வீங்கும், மோதிரம் கழலாது என்று ஆரம்பித்தேன். கண்முன் பொறி பறக்கும் என்றபோது அப்பா ஒரு அடி முன்னே வந்தார்.

“வலிப்பு வரும்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்குப்பா.”

“பேய்னு போடலியா?”

“பேய் இல்லைன்னு போட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா பிழைக்கலாம்னு போட்டிருக்கு.”

அம்மா செத்த ராத்திரி ஜெபம் செய்தவர்களில் டெஸ்மண்ட் ஐயாவும் ஒருவர். அவர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். “அம்மா, அன்னைக்கு அவ கத்துனது ரோட்டுல கேட்டுடப் போவுதுன்னு நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். வேற ஒண்ணும் செய்யல. ஜன்னலைச் சாத்தினேன்.”

பிரிஜெட் டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் குரலும் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனால் உத்தரவு உத்தரவுதான். பாஞ்சாலி திங்கட்கிழமை வரலாம். கமிட்டி கூடும்வரை நான் வரக்கூடாது. அப்பா விஷயத்தைக் கோயில் கமிட்டி பார்த்துக்கொள்ளும். புத்தகத்தை அப்பா கையிலேயே கொடுத்து, “முந்தினது மாதிரியே செஞ்சிடுங்க அலெக்சாண்டர்” என்றார்.

பாஞ்சாலி வாசல்வரை என்னோடு வந்தாள். “இப்ப நீ வூட்ல, நான் ஸ்கூல்ல. அல்ஜீப்ராவ எவடி எனக்காகப் படிக்கப்போறா?” என்று என் தலையில் குட்டினாள். அவள் கண் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா குழியில் சருகைக் குவித்துத் தீ வைத்தார். நன்றாகப் புகைந்தது. டெஸ்மண்ட் ஐயா ரோட்டில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். அப்பா குழி ஓரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பயந்துகொண்டே பக்கத்தில் போனேன். மடியில் புத்தகம் விரித்திருந்தது. எழுத்தின்மேல் விரலை வைத்து மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தாளை எங்க அனுப்பினே?” என்று கேட்டார்.

“அக்காவுக்கு” என்றேன்.

“எதுக்கு?”

நான் சொல்லவில்லை அக்கா. “அக்காவுக்குச் செருப்புப் பிடிக்குதாம்பா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். கன்டோன்மென்ட்டில் மாலை வண்டியைப் பிடித்து, பங்காருப்பேட்டையில் மாறி ராத்திரிக்குள் வந்துவிடுவேன் என்கிறார். புத்தகத்தைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். “தாளை நம்பாட்டி முழுப் புத்தகத்தைப் பார்த்தா நம்புவாங்க. பொம்பளைங்க பேச்சுன்னா நான் பேசறேன்” என்றார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டு வருஷத்தில் அப்பா மணி அடிக்காத ஞாயிறு இல்லை. கேட்டேன். “நீ அடி. கயித்தைக் கையில சுத்திக்காதே, தூக்கிடும்” என்றார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பாஞ்சாலியை வந்து கூடப் பிடிக்கச் சொல்லப்போகிறேன்.

அப்பா கூப்பிடுகிறார். தயவுசெய்து, தயவுசெய்து.

யூனிஸ்


மைன்ஸ் ஆஸ்பத்திரி, கோலார் தங்கவயல்
1957 செப்டம்பர் 14

என் அன்புத் தங்கைக்கு,

டோரதி எழுதிக்கொண்டது. பதினைந்து நாளாக உனக்குப் பதில் இல்லை. அப்பாவின் தந்தியில் “ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்” என்று மட்டும்தான் இருந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு எப்படி இருந்தாயோ. இன்று முதல்முறையாக உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தாள் அந்தச் சனிக்கிழமை மதியமே வந்தது. அத்தான் முத்திரையைப் பார்த்தார், இரண்டுமுறை படித்தார், மாமியாரிடம் வாசித்தும் காட்டினார். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரிக்குத் திங்கட்கிழமை போகலாம் என்றுதான் பேச்சு. ராத்திரி அப்பா வந்து கதவைத் தட்டினார். உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “வண்டி எங்க?” என்றார். எனக்கு அவ்வளவுதான் ஞாபகம். வலிப்பு இங்கே வந்தபிறகுதான் வந்ததாம். டாக்டர் பக்கத்தில் இருந்தார்.

பெண் குழந்தை. மிகச் சின்னது. பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கலாமா என்று கேட்டேன். இன்னும் பத்து நாள் போகட்டும் என்றாள் தாதி. நீ ஜெபம் செய். வேறு ஒன்றும் கேட்காதே.

உன் பள்ளி விஷயமாகவும் வீட்டு விஷயமாகவும் கமிட்டிக் கடிதம் வந்ததா என்று அப்பா என்னிடம் கேட்கவில்லை. நானும் அவரிடம் கேட்கவில்லை. இரண்டுபேரும் உன் கடிதத்துக்குத்தான் காத்திருக்கிறோம்.

அந்தத் தாளை அப்பா பசை தடவிப் புத்தகத்தில் ஒட்டிவிட்டார். வார்டில் இருக்கும் ஒரு பெண் அதைக் கேட்டாள். படிக்கக் கொடுத்தார். ஆனால் முதலில் ஒரு தாளை நீட்டி, பெயர் எழுதச் சொன்னார். அவள் கூச்சப்பட்டு, “எங்க வீட்டுக்காரர் பார்த்தா திட்டுவாரு தாத்தா, வேற பேர் எழுதட்டுமா?” என்றாள். அப்பா சம்மதிக்கவில்லை. “உம்பேர்லயே எடும்மா” என்றார். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு அவள் தன் பெயரையே எழுதினாள். இப்போது அந்தத் தாளில் நான்கு பெயர்கள் இருக்கின்றன.

சந்திரம்மா பிழைத்துக்கொண்டாள். அவள் செருப்பு இப்போது காலை அசைத்தாலே கழன்று விழுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மணி சரியாக அடித்ததா? எழுது.

உன் அக்கா
டோரதி